பங்குனி, சித்திரைப் பறவைகள்: பார்ப்பது, பதிவது, பகிர்வது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசிக் கடைசியிலிருந்து வைகாசி முற்பாதி வரை தமிழ்நாட்டில் பறவை பார்க்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும், ஊரில் ஒரு சிறு குழுவைச் சேர்த்து நடத்துபவர்களுக்கும் இது பயன்படும்.

நம் ஊரில் வசந்தகாலம் என்றால் எந்த மாதங்கள்? அப்போது பறவைகள் என்ன செய்கின்றன?

இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மழைக்காலத்துக்கு முன்பே வடக்கிலிருந்து வந்து இங்கே தங்கிய பறவைகள் மார்ச், ஏப்ரலில் கிளம்பிப் போகின்றன. இங்கேயே வாழும் பறவைகளில் பல அதே மாதங்களில் ஜோடி சேர்ந்து கூடு கட்டுகின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வசந்தம் என்றால் பறவைகள் வந்து இறங்கும் காலம். நமக்கு அது பெரும்பாலும் வழியனுப்பும் காலம். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு ஏப்ரலில் புதுப் பறவைகள் வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்து போவது இதனால்தான்.

எந்தப் பறவை எப்போது கிளம்பும்?

பொதுவாக வாத்துகள் முந்திக்கொள்ளும். ஏரி வற்ற வற்ற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவற்றின் கூட்டம் மார்ச்சில் வேகமாகக் கரையும். கூந்தன்குளம் போன்ற இடங்களுக்கு வரும் வரித்தலை வாத்தும் அந்த மாதத்தில் விடைபெற்றுவிடும். அது இமயமலையைத் தாண்டித் திபெத், மங்கோலியப் பீடபூமிகளுக்குப் போகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மாலையில் புகைபோல வானத்தில் சுழலும் சூறைக்குருவிகள் (ரோசா மைனா என்றும் சொல்வார்கள்) மார்ச், ஏப்ரலில் மத்திய ஆசியாவை நோக்கிப் புறப்படும்.

தோட்டத்துப் பறவைகள் கொஞ்சம் தாமதிக்கும். மாங்குயில், நீலவால் பஞ்சுருட்டான், தகைவிலான், கொடிக்கால் வாலாட்டி ஆகியவை ஏப்ரலில் ஒவ்வொன்றாகக் குறையும். பழுப்புக் கீச்சானும், புதருக்குள் “செக்… செக்” என்று நாக்கைச் சொடுக்குவதுபோல ஒலியெழுப்பும் பிளைத் நாணல் கதிர்க்குருவியும் ஏப்ரல் கடைசி, சில இடங்களில் மே தொடக்கம் வரைகூட இருக்கும்.

ஆறுமணிக்குருவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டக்கள்ளன் என்ற பெயரும் இதற்கு உண்டு. குளிர்காலம் முழுக்கச் சருகுக்குள் சத்தமில்லாமல் இரை தேடும். விடியலிலும் அந்தி மங்கும் வேளையிலும் மட்டும் இரட்டைச் சீழ்க்கை கேட்கும், அதனால்தான் அந்தப் பெயர். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழை தொடங்கும்போது கூடு கட்டும் பறவை இது. ஏப்ரலில் வடக்கே திரும்பும் வழியில், வழக்கமாகக் காணாத ஊர்த் தோட்டங்களிலும் ஓரிரு நாள் தங்கிப் போகும்.

கடற்கரையிலும் உப்பளங்களிலும் கிளம்புவதற்கு முன் நடக்கும் உருமாற்றத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். ஜனவரியில் சாம்பலும் வெள்ளையுமாக இருந்த வளைமூக்கு உள்ளானின் மார்பும் வயிறும் ஏப்ரலில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் அரைகுறையாக நிறம் மாறிய பறவைகளும் முழுதாக மாறியவையும் ஒரே சேற்றில் நிற்கும்.

வந்த நாளைக் குறிப்பது எளிதாக இருக்கிறது. போன நாளை எப்படிக் குறிப்பது?

இந்தப் பக்கத்தில் நாங்கள் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். செப்டம்பரில் முதல் சாம்பல் வாலாட்டியைப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஏப்ரல் 11 அன்று பார்த்த மாங்குயில்தான் இந்த ஆண்டின் கடைசி மாங்குயில் என்பது அன்றைக்குத் தெரியாது. 12, 15, 19, 26 ஆகிய தேதிகளிலும் அதே மரங்களுக்கடியில் நின்று, பார்த்து, இல்லை என்று உறுதியான பிறகே தெரியும். “இல்லை” என்பதும் ஒரு பதிவு. அந்தப் பதிவு இல்லாவிட்டால், பறவை போய்விட்டதா, அல்லது பார்க்க ஆள் போகவில்லையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ பக்கத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஏரிக்கரையின் ஒரு துண்டு, கல்லூரி வளாகம், மொட்டை மாடி, எதுவானாலும் சரி. மார்ச் முதல் வாரத்திலிருந்து மே நடுவரை வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 30 நிமிடம், ஏறக்குறைய ஒரே நேரத்தில் பட்டியல் எழுதுங்கள். மார்ச் மூன்றாம் வாரத்தில் உங்கள் ஊரார் எழுதிய 10 பட்டியல்களில் 8-ல் நீலவால் பஞ்சுருட்டான் இருந்தது, ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் 10-க்கு 3, மே முதல் வாரத்தில் 10-க்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். பறவை எப்படிப் படிப்படியாக விலகியது என்பது அந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும். ஓர் அபூர்வப் பறவையின் அழகான படம் இந்த வேலையைச் செய்யாது.

இந்தியாவில் வலசைப் பறவைகளின் முதல் வரவையும் கடைசிக் காட்சியையும் பொதுமக்களிடமிருந்து சேகரிக்கும் முயற்சி 2007-ல் ‘மைக்ரண்ட்வாட்ச்’ என்ற பெயரில் தொடங்கியது. இப்போது அந்த வேலை, இ-பேர்ட் என்ற இணையச் சேவையில் பறவை பார்ப்பவர்கள் போடும் பட்டியல்கள் வழியாக நடக்கிறது.

மார்ச்சில் குயில் கூவத் தொடங்கியது. “குயில் வந்துவிட்டது” என்று பதியலாமா?

குயில் எங்கும் போகவில்லை. ஆண்டு முழுக்க இங்கேதான் இருக்கிறது, குளிர்காலத்தில் பெரும்பாலும் வாய் திறக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். காகம் கூடு கட்டத் தொடங்கும் நேரத்தில், அந்தக் கூட்டில் முட்டையிட வேண்டிய குயிலும் குரலெடுக்கிறது. “இந்த ஆண்டு முதல் கூவல், மார்ச் 3, காலை 5:40” என்று பதிந்தால் அது சரியான, பயனுள்ள குறிப்பு.

மேலே ஏறிக்கொண்டே போகும் “குக்கூ… குக்கூ” ஆணின் குரல். “கிக்-கிக்-கிக்” என்று படபடப்பது பெண். பழுப்பு உடலில் வெண்புள்ளி தெளித்த பெண் குயிலை வேறு பறவை என்று எண்ணி ஆண்டுதோறும் பலர் படம் அனுப்பிக் கேட்கிறார்கள்.

சுடலைக்குயிலிலும் இதே குழப்பம் உண்டு. வட இந்தியாவில் அது பருவமழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேரும் பறவை. மழையின் தூதன் என்று கொண்டாடுவார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேறொரு துணையினம் ஆண்டு முழுக்க வாழ்கிறது. மதுரையில் ஏப்ரலில் ஒரு சுடலைக்குயிலைப் பார்த்துவிட்டு மழை வரப்போகிறது என்று எழுதிவிடாதீர்கள்.

இந்த மாதங்களில் அடையாளம் தவறுவது எதில் அதிகம்?

முதலில் மடையானில். சில ஊர்களில் குருட்டுக்கொக்கு என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி சேற்று நிறத்தில், கோடு போட்ட கழுத்தோடு இருக்கும் இந்தப் பறவைக்கு இனப்பெருக்கக் காலம் வந்தால் முதுகு முழுக்க நாவல்பழச் சாறு ஊற்றியதுபோல் கருஞ்சிவப்பாகிவிடும். பிடரியில் நீண்ட வெள்ளை இழைகள் தொங்கும். பறக்கும்போது சிறகு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் மடையான்தான். உண்ணிக்கொக்கும் அப்படியே, தலையும் கழுத்தும் மஞ்சள் கலந்த காவி நிறமாகும்.

அடுத்தது அக்காக்குயிலும் வைரி என்ற சிறு வேட்டைப் பறவையும். அக்காக்குயில் நிறத்திலும் பறக்கும் விதத்திலும் வைரியைப்போலவே இருக்கும். மரத்தில் வந்து உட்காரும்போது சின்னப் பறவைகள் கத்திக்கொண்டு ஓடுவதும் இரண்டுக்கும் பொது. அலகைப் பாருங்கள். வைரிக்குக் கொக்கிபோல வளைந்த அலகு, நீண்ட மஞ்சள் கால், நிமிர்ந்த உட்காரல். அக்காக்குயிலின் அலகு நேராக இருந்து முனையில் மட்டும் லேசாக வளையும், கால் குட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். குரல் கேட்டால் சந்தேகமே இல்லை: ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறி, உச்சிக்குப் போய் அறுந்து நிற்கும்.

மாங்குயிலில் இரண்டு வகை நம்மிடம் உண்டு. கண்ணுக்கு மை தீட்டியதுபோல் ஒரு கோடு மட்டும் இருந்தால் வலசை வந்த மாங்குயில். தலை முழுக்கக் கறுப்பாக இருந்தால் இங்கேயே வாழும் கருந்தலை மாங்குயில். ஏப்ரலுக்குப் பிறகு “மாங்குயில் இன்னும் இருக்கிறது” என்று வரும் செய்திகளில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

எத்தனை மணிக்குப் போவது?

சூரியன் எழுவதற்குச் சற்று முன்பே இடத்தில் இருங்கள். ஏப்ரலில் சூரிய உதயம் ஏறக்குறைய 6 மணி. எட்டரைக்குமேல் வெயில் ஏற, பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். மாலையில் ஐந்தரைக்குப் பிறகு மீண்டும் நடமாட்டம் தொடங்கும். கோடையில் நீர் இருக்கும் இடம்தான் பறவை இருக்கும் இடம்: வற்றும் ஏரியின் கடைசிக் குட்டை, சொட்டும் குழாய், தென்னந்தோப்பின் வாய்க்கால். பூத்து நிற்கும் கல்யாண முருங்கையும் இலவமும் இருந்தால் அதனடியில் அரைமணி நேரம் நில்லுங்கள், தேன்சிட்டும் மைனாவும் கரிச்சானும் வந்து போகும்.

எந்த பைனாகுலர் வாங்கலாம்? வாங்கியது மங்கலாகத் தெரிகிறதே?

8×42 வாங்குங்கள். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 12, 16 என்று பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்; கை நடுக்கமும் அதே அளவு பெருகும், காட்சிப் பரப்பு சுருங்கும், புதருக்குள் இருக்கும் கதிர்க்குருவியைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மங்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், வலது கண் வளையத்தைச் சரிசெய்யாததுதான். இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, காட்சி ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் அருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைக் கூர்மையாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் அடுத்தவர் திருப்பிவிட்டாலும் கவலையில்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண் ரப்பரை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கடலோர ஊர்களில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள்.

இ-பேர்டில் பட்டியல் போடும்போது என்னென்ன தவறு நடக்கிறது?

இ-பேர்ட் என்பது கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய இலவசச் சேவை. கைப்பேசிச் செயலியில், நம் பகுதிக்குரிய பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையில் முன்பே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

தவறுகளில் முதலாவது, நாள் முழுக்க ஒரே பட்டியல். காலையில் ஏரி, மதியம் மலையடிவாரம், மாலையில் வீடு, எல்லாம் ஒன்றாகிவிட்டால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்பது போய்விடும். இடம் மாறினால் பட்டியலை முடித்துப் புதிதாகத் தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள், ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் முடிப்பது நல்லது.

இரண்டாவது, தூரம். கரையோரமாக ஒரு கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பினால் தூரம் 1 கி.மீ., 2 அல்ல. திரும்பும்போது அதே பறவைகளை மறுபடி எண்ணவும் கூடாது. 30 மீட்டருக்குள்ளேயே நின்று பார்த்திருந்தால் அது நின்ற இடப் பட்டியல்.

மூன்றாவது, குழுவாகப் போகும்போது ஐந்து பேர் ஐந்து பட்டியல் போடுவது. ஒருவர் எழுதி, மற்றவர்களோடு செயலியிலேயே பகிர்ந்தால் எல்லார் கணக்கிலும் சேரும். பறவைகள் ஒரு முறைதான் எண்ணப்படும்.

“முழுப் பட்டியலா?” என்று கேட்கிறதே, எல்லாப் பறவையையும் நான் பார்த்திருக்க வேண்டுமா?

வேண்டாம். உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாவற்றையும், காதால் மட்டும் கேட்டவை உட்பட, ஒன்று விடாமல் எழுதினீர்களா என்பதே கேள்வி. காகத்தையும் மைனாவையும் எழுதாமல், பிடித்த நான்கு பறவைகளை மட்டும் எழுதியிருந்தால் “இல்லை” என்று சொல்லுங்கள். முழுப் பட்டியலில் இல்லாத பறவை அங்கே அப்போது கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசி நாளைக் கண்டுபிடிக்க உதவுவது இந்த ஒரு கேள்விக்கான நேர்மையான விடைதான்.

இப்படிப்பட்ட பட்டியல்களைக் கொண்டுதான் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கைகள் 2020-லும் 2023-லும் வந்தன. 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களுக்குப் பாதுகாப்பில் அதிக முன்னுரிமை தேவை என்றது. அதிலிருக்கும் காகமும் மைனாவும் யாரோ சலிக்காமல் எழுதியவை.

கூட்டத்தை எப்படி எண்ணுவது?

முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதே அளவுத் துண்டு கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். 37 துண்டு என்றால் 370. எண்ணத் தெரியாது என்று வெறும் குறி போடுவதைவிட, “ஏறக்குறைய 370” நூறு மடங்கு மேல். பறந்துகொண்டிருக்கும் சூறைக்குருவிக் கூட்டம் என்றால் ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து எண்ணலாம். பெரும்பாலானவர்கள் பெரிய கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டு ஒரு பெயர் சொல்கிறது. அப்படியே எழுதலாமா?

அது ஒரு யோசனை, விடை அல்ல. பெயர் திரையில் மின்னும்போது குரல் வந்த திசையைப் பாருங்கள், பறவையைக் கண்டுபிடியுங்கள், அல்லது அந்தக் குரலை நீங்களே நிச்சயமாக அறிந்திருக்க வேண்டும். துடுப்புவால் கரிச்சானும் பச்சைச்சிட்டும் மற்றப் பறவைகளின் குரலை அச்சாகப் பாடும். ஒரே புதரில் ஆறு பறவைகள் இருப்பதாகச் செயலி சொன்னால் உள்ளே இருப்பது ஒரு கரிச்சானாக இருக்கலாம். மோட்டார் சத்தமும் அணிலின் கீச்சொலியும்கூட அதைக் குழப்பும்.

“உங்கள் பதிவை உறுதிப்படுத்துங்கள்” என்று மின்னஞ்சல் வந்தது. பொய் சொல்கிறேன் என்கிறார்களா?

இல்லை. அந்த மாவட்டத்தில், அந்த மாதத்தில் வழக்கத்துக்கு மாறான இனமோ எண்ணிக்கையோ வந்தால் செயலி தானாகக் கொடி காட்டும். அதைப் பார்ப்பவர்கள் ஊதியமில்லாமல் உழைக்கும் உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள். பதிலில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள், நூலில் படித்ததை அல்ல: அளவு சிட்டுக்குருவியா, மைனாவா, காகமா, அலகின் நீளம், காலின் நிறம், வால் என்ன செய்தது, எவ்வளவு தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம். எந்த ஒத்த இனத்தை ஏன் விலக்கினீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. அவர்கள் ஏற்காவிட்டாலும் அது உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும், பொது வரைபடத்தில் மட்டும் வராது.

ஊர் வாட்ஸப் குழுவில் எப்படிப் பகிர்ந்தால் பயன்படும்?

“இன்று காலை அருமையான காட்சி!” என்று படம் மட்டும் வந்தால் இரண்டு நாளில் அது முன்னனுப்பலாகிச் சுற்றும், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாது. தேதியும் நேரமும், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை, எது இல்லை என்பது, ஒரே செய்தியில் இந்த ஐந்தும் இருக்கட்டும். ஒரு மாதிரி:

“ஏப்ரல் 14, காலை 6:20–6:50. சிங்காநல்லூர்க் குளம், கோவை, வடகரை. நீலவால் பஞ்சுருட்டான் 6, மின்கம்பியில், தட்டான் பிடித்துக்கொண்டிருந்தன. பழுப்புக் கீச்சான் 1. சென்ற வாரம் இருந்த தகைவிலான் இன்று இல்லை. இ-பேர்ட் பட்டியல் போட்டாயிற்று.”

“இன்று இல்லை” என்ற வரியைக் கவனியுங்கள். இதை எழுதக் குழுவில் எல்லோரையும் பழக்குங்கள். பெரும்பாலான குழுக்களில் விட்டுப்போவது இந்த வரிதான்.

அடையாளம் கேட்கும்போது படத்தை அழகுபடுத்தாமல், நிறம் மாற்றாமல் அனுப்புங்கள். கேமராத் திரையைக் கைப்பேசியால் எடுத்த படம் நிறத்தைக் கெடுக்கும். கேமராவில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள். புதியவர் தவறாகப் பெயர் சொன்னால் “தவறு” என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் எழுதுவார்.

எதைப் பகிரக் கூடாது?

கூட்டின் இடத்தை. ஆந்தை அடையும் மரத்தை. அழிவின் விளிம்பிலுள்ள சில இனங்களின் இடத்தை இ-பேர்ட் தானே மறைத்துவிடும். வாட்ஸப் எதையும் மறைக்காது. படத்தை ஆவணமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவும் அதோடு போகலாம். ஆந்தைகளை மாந்திரீகத்துக்காகப் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டின் அருகே போவதே என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி வெறும் கட்டாந்தரையில், நிழலே இல்லாத இடத்தில் முட்டையிடும். சித்திரை வெயிலில் தாய்ப்பறவை அமர்ந்திருப்பது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. பக்கத்துக் குட்டைக்கு ஓடி, வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். நாம் படமெடுக்கச் சுற்றிநிற்கும் பத்து நிமிடமும் அது தூரத்தில் கத்திக்கொண்டிருக்கும், முட்டை வெயிலில் வேகும். நாம் போன பிறகு நம் காலடியைக் கவனித்த காகம் வரும். ஆள்காட்டி தலைக்குமேல் கத்தத் தொடங்கினாலே வந்த வழியே திரும்பிவிடுங்கள், காலடியைப் பார்த்துக்கொண்டு.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவைப்பதும் இந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அது அலையும்.

பறவையின் காலில் வளையமோ வண்ணப் பட்டையோ இருந்தால்?

உடனே படம் எடுங்கள், இரண்டு காலும் தெரியும்படி. எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறம், எழுத்து அல்லது எண் என்ன என்று குறியுங்கள். நிறங்களின் வரிசை நாட்டையும் இடத்தையும் சொல்லும். வரிசை மாறினால் பொருள் மாறிவிடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. தகவலை அவர்களுக்கு அனுப்புங்கள். வளையத்தைக் கழற்ற முயலாதீர்கள்.

குஞ்சு ஒன்று கீழே விழுந்து கிடக்கிறது. என்ன செய்வது?

இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடந்தால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, நாய் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி அதிலேயே திருப்பி வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. பாலோ அலகுக்குள் தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போய் இறந்துவிடும். காயம்பட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிளிக்குஞ்சானாலும் வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மாடியில் தண்ணீர் வைக்கலாமா?

அவசியம் வையுங்கள். அகலமான மண்சட்டி, ஆழம் 5 செ.மீ.க்குமேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். நிழலில், பூனை பதுங்கும் புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி. தினமும் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்து நிரப்புங்கள். விட்டுவிட்டால் பாசி பிடிக்கும், கொசுப் புழு வரும், நோய் பரவும். சோப்பு வேண்டாம். யார் எத்தனை மணிக்குக் குடிக்க வருகிறார்கள் என்று எழுதினால் அதுவும் ஒரு பட்டியல்.

குழுவாகச் சேர்ந்து கணக்கெடுக்கும் நாட்கள் எவை?

பொங்கல் விடுமுறையில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’, 2015 முதல் நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள் உலகளாவிய ‘கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு’, இது வட அமெரிக்காவில் 1998-ல் தொடங்கியது. மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை ‘குளோபல் பிக் டே’. பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில், அதாவது பறவைகள் கிளம்பிப் போகும் அந்த வாரங்களில், ஊரைக் கூட்டும் பெரிய நாள் எதுவும் இல்லை. ஊர்க் குழு தன் பங்குக்கு ஏப்ரலில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் குறித்துக்கொண்டால் அந்த இடைவெளி நிரம்பும்.

ஜூன் வந்துவிட்டது, கடற்கரையில் இன்னும் உள்ளான்கள் நிற்கின்றன. வலசை மாறிவிட்டதா?

முதல் ஆண்டுப் பறவைகளில் பல, இனப்பெருக்க வயது வராததால், வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும். அவை சாம்பல் நிறத்திலேயே இருக்கும். செங்கல் நிறம் வந்திருக்காது. எண்ணிக்கையோடு “இனப்பெருக்க நிறம் இல்லை” என்று சேர்த்து எழுதுங்கள். ஆகஸ்டில் மார்பில் சிவப்பு மிச்சமிருக்கும் ஓர் உள்ளான் அதே சேற்றில் இறங்கினால், அது வடக்கே போய்த் திரும்பிய பறவை என்று பிரித்துச் சொல்ல அந்தக் குறிப்பு தேவைப்படும்.